புங்கமரம் இருக்கட்டும்

12ஆம் எண் அண்ணன்: நேற்று ராத்திரியும் பைக்கில் பெட்ரோல் திருடிவிட்டார்கள். வாசலில் நிற்கும் மூன்று புங்கமரத்தையும் வெட்டினால்தான் சரிப்படும். மறைவு இருப்பதால்தான் தைரியமாக வருகிறான்.

டீச்சர் அம்மா: வெட்டச் சொல்லாதீங்க தம்பி. மரம் இருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு. தெருவிளக்கு கிளைக்குள் புதைந்து கிடக்கிறது, இருட்டு அதனால்தான். அந்தக் கிளையை மட்டும் கழிக்கச் சொல்வோம். ஆள் ஒளிகிற இடம் மதிலோரத்து அரளிப் புதர். அதை இடுப்பளவுக்கு வெட்டிவிடலாம்.

12ஆம் எண் அண்ணன்: மரம் இருந்தால் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள் டீச்சர்?

மாடிவீட்டுத் தம்பி: அண்ணா, சிகாகோவில் இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ஐடா பி. வெல்ஸ் என்ற அரசுக் குடியிருப்பில் 98 கட்டடங்களின் போலீஸ் பதிவுகளை எடுத்து, குவோ, சல்லிவன் என்ற இருவர் 2001இல் வெளியிட்டார்கள். மரமும் புல்லும் நிறைந்த கட்டடங்களில், வெறும் தரையாகக் கிடந்தவற்றைவிடக் குற்றங்கள் 52 சதவீதம் குறைவு.

12ஆம் எண் அண்ணன்: வசதியானவர்கள் வீட்டருகே மரம் இருந்திருக்கும்.

மாடிவீட்டுத் தம்பி: இல்லை அண்ணா, எல்லாருமே ஏழைகள், ஒரே குடியிருப்பு. நிழல் இருந்தால் ஆட்கள் வெளியே வந்து உட்காருவார்கள், வருவோர் போவோர் மேல் கண் இருக்கும் என்பதுதான் அவர்கள் சொல்லும் முக்கியக் காரணம். ஆனால் உயர்ந்த மரமும் புல்லும்தான் அந்தக் கணக்கில் வரும், பார்வையை மறைக்கும் புதர் வராது. டீச்சர் சொல்வதும் அதுதானே.

மளிகைக்கடை அக்கா: நம்ம இஸ்திரி வண்டி அண்ணன் அந்த மரத்தடியில்தான் நிற்கிறார். புது ஆள் நுழைந்தால் ‘யார் வீட்டுக்கு?’ என்று முதலில் கேட்பது அவர்தான். மரம் போனால் அவரும் வேறு தெருவுக்குப் போய்விடுவார்.

டீச்சர் அம்மா: 2016 வர்தா புயலில் எதிர்வரிசை மரமெல்லாம் சாய்ந்ததே, அதற்கப்புறம் அந்தப் பக்கம் சாயங்காலம் யாராவது வாசலில் உட்கார்கிறார்களா? வெயிலில் காய்ந்த சுவர் ராத்திரி வரை அனலாக அடிக்கிறது.

மாடிவீட்டுத் தம்பி: அப்புறம் மூலையில் குப்பைமேடாகக் கிடக்கும் காலி மனையையும் பார்க்கணும். அதே அமெரிக்காவில், பிலடெல்பியா நகரில் 541 காலி மனைகளை எடுத்து, ஒரு பகுதியைச் சுத்தம் செய்து புல்லும் சில மரங்களும் வைத்தார்கள். 2018இல் முடிவு வந்தது. ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. அக்கம்பக்கத்தவரிடம் மனச்சோர்வும் குறைந்திருந்தது.

12ஆம் எண் அண்ணன்: சரி, மரம் இருக்கட்டும். ஆனால் இந்த வாரமே விளக்கு வெளியே தெரியணும்.

டீச்சர் அம்மா: காலையில் மாநகராட்சிக்கு எழுதிக் கொடுக்கிறேன். மரம் அவர்களுடையது, நாமாக அரிவாள் வைக்கக் கூடாது. அரளியை ஞாயிற்றுக்கிழமை நாமே வெட்டுவோம், பால் கறை கண்ணில் பட்டுவிடாமல் கையுறை போட்டுக்கொண்டு வாங்க.

மளிகைக்கடை அக்கா: காலி மனைக்காரர் நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்றைக்கே பேசுகிறேன்.