கடையில் கேட்கிற கேள்வியை பார்க்கிங்கில் யார் கேட்பது?

மீனா_சான்அன்டோனியோ:
நேற்று பையன் டாய்லெட் மூடிமேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். என்னடா இது என்றால், "கால் வெளியே தெரியக்கூடாதும்மா, மிஸ் சொன்னாங்க" என்கிறான். இரண்டாம் வகுப்பு. பள்ளியில் லாக்டவுன் டிரில், துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் ஒளிந்துகொள்கிற ஒத்திகை, நடந்திருக்கிறது. யுவால்டி எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான். 2022 மே 24, அங்கே ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் 18 வயது முடிந்த மறுநாளே கடைக்குப் போய் சட்டப்படி ரைஃபிள் வாங்கியிருக்கிறான். பீருக்கு 21, கடையில் கைத்துப்பாக்கிக்கு 21, ஏஆர் என்கிற ராணுவப் பாணி ரைஃபிளுக்கு மட்டும் 18! யார் விற்றாலும் வாங்குகிறவனுக்குத் துப்பாக்கி தரலாமா என்று பதிவுகளைப் பார்க்கிற பின்னணிச் சோதனை, ரைஃபிளுக்கும் 21 வயது, இந்த இரண்டும் நாடு முழுக்க ஒரே சட்டமாக வர வேண்டும் என்கிறேன். திட்டுகிறவர்கள் வரலாம்.

கேஸ்ஸ்டேஷன்_குமார்:
திட்ட வரவில்லை மேடம். எனக்கும் மகள் இருக்கிறாள். ஆனால் யுவால்டியில் தோற்றது சட்டமா? 376 போலீஸ்காரர்கள் போனார்கள், 77 நிமிஷம் கதவுக்கு வெளியே நின்றார்கள், உள்ளே இருந்து குழந்தைகள் 911-க்கு போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் படித்த அன்றுதான் போலீசை நம்புவதில்லை என்று முடிவு செய்தேன். என் கடையில் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒருத்தன் கல்லாப்பெட்டி முன்னால் வந்து துப்பாக்கியை நெற்றிக்கு நேராகப் பிடித்தான், அவன் சிகரெட் பாக்கெட்டுகளைக்கூட வாரிக்கொண்டு போய்விட்டான், போலீஸ் வர 22 நிமிஷம். அதற்கப்புறம்தான் நான் வாங்கினேன். சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் உங்கள் ஊருக்குப் பக்கம்தானே? 2017-ல் சர்ச்சில் சுட்டவனை எதிர்த்துச் சுட்டது பக்கத்து வீட்டுக்காரர், தன் சொந்த ரைஃபிளால். அந்தக் கொலைகாரனுக்கு மனைவியை அடித்த தண்டனை இருந்தது, அவன் முன்பு வேலை பார்த்த விமானப்படை அதைச் சோதனைப் பட்டியலில் ஏற்ற எஃப்பிஐக்கு அனுப்பவே இல்லை. இருக்கிற சட்டத்தையே ஒழுங்காகச் செய்யாதவர்களிடம் இன்னொரு சட்டத்தைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

மெல்போர்ன்_செல்வம்:
இங்கே ஆஸ்திரேலியாவில் 1996-ல் போர்ட் ஆர்தரில் ஒருத்தன் சுட்டு 35 பேர் செத்தார்கள். 12 நாளில் எல்லா மாநிலங்களும் ஒரே ஒப்பந்தத்துக்கு வந்தன, சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசு காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது. செய்தவர் வலதுசாரி பிரதமர் ஜான் ஹோவர்ட். மனசு இருந்தால் முடியும்.

கேஸ்ஸ்டேஷன்_குமார்:
செல்வம் அண்ணே, உங்கள் ஊரில் இரண்டாம் திருத்தம் கிடையாது, ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்கிற எங்கள் அரசியல் சட்டப் பிரிவு அது. இங்கே 2008-லேயே சுப்ரீம் கோர்ட் ஹெல்லர் வழக்கில் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று சொல்லிவிட்டது. ஆளைவிட துப்பாக்கி அதிகம் இருக்கிற நாடு இது, எவ்வளவுதான் திரும்ப வாங்குவீர்கள்? சிகாகோவைப் பாருங்கள், சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை, பிணத்துக்கும் பஞ்சமில்லை.

இல்லினாய்ஸ்_அருள்:
சிகாகோ பேச்சு வரும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். குற்றத்தில் சிக்கிய துப்பாக்கி எங்கே வாங்கியது என்று நகராட்சியே தேடிப் பார்த்ததில், பாதிக்கு மேல் வெளிமாநிலச் சரக்கு, முதலிடம் இந்தியானா. என் வீட்டிலிருந்து இந்தியானா எல்லை 40 நிமிஷம், பெட்ரோல் அங்கே மலிவு என்று வாராவாரம் போகிறேன். எங்கள் மாநிலம் தனியாக வேலி போட்டு என்ன பிரயோஜனம்? மீனா நாடு முழுக்க என்று கேட்பது இதற்காகத்தானே.

விசா_வெயிட்டிங்:
நடுவில் ஒரு சந்தேகம். ஆபீஸ் நண்பர்களோடு துப்பாக்கிக் கடைக்குப் போனேன், வாங்குகிறவர் விவரம் எழுத 4473 என்று ஒரு படிவம் நீட்டினார்கள். எச்1பி என்றதும் வேட்டை லைசன்ஸ் இருக்கிறதா என்றார் கடைக்காரர், இல்லை என்றதும் படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சரி, நான் கடைக்குப் போகாமல் தெருவில் ஒரு ஆளிடம் வாங்கினால்?

மீனா_சான்அன்டோனியோ:
அப்போதும் நீங்கள் வாங்குவது குற்றம்தான். ஆனால் டெக்சாஸில் உங்களைக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். துப்பாக்கி விற்கும் லைசன்ஸ் இல்லாத தனி ஆள் விற்றால் சோதனை செய்ய வேண்டும் என்று மத்திய சட்டம் சொல்லவில்லை. குமார், இதற்குப் பதில் சொல்லுங்கள். இதே டெக்சாஸில் மிட்லேண்ட்-ஒடெஸாவில் 2019-ல் 7 பேரைக் கொன்றவன் 2014-ல் கடையில் வாங்கப் போய் சோதனையில் மாட்டினான், மனநலக் காரணம், தர முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். சோதனை வேலை செய்தது! அப்புறம் தனி ஆளிடம் ஏஆர் வாங்கிக்கொண்டான். இருக்கிற சட்டத்தைச் செய்யுங்கள் என்கிறீர்கள், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சுட்டது ஞாபகம் இருக்கிறதா? 2007-ல் 32 பேர், அதில் கோபிச்செட்டிபாளையம் பக்கம் பிறந்து அங்கே நீரியல் நடத்திக்கொண்டிருந்த நம் பேராசிரியர் ஒருவர், வகுப்பிலேயே. சுட்டவனால் அவனுக்கே ஆபத்து என்று கோர்ட் ஏற்கெனவே சொல்லியிருந்தது, அது சோதனைப் பட்டியலில் ஏறவில்லை. அந்த ஓட்டையை அடைக்க காங்கிரஸ் புதுச் சட்டம் போட வேண்டியிருந்தது. செய்ய வைப்பதற்கே சட்டம் வேண்டியிருக்கிறது சார்.

கேஸ்ஸ்டேஷன்_குமார்:
யுவால்டிக்கு அப்புறம் பைடன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டாரே, 21-க்குக் கீழே என்றால் சிறார் பதிவையும் பார்க்க வேண்டும் என்று. அது போதாதா?

மீனா_சான்அன்டோனியோ:
அது கடைக்கு மட்டும். பார்க்கிங்கில் கைமாறுவதற்கு இல்லை. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் சுடப்பட்டுப் போன பிறகு, 2013-ல், கண்காட்சியிலும் இணைய விளம்பரம் வழியாகவும் விற்பதற்குச் சோதனை கேட்டு ஒரு மசோதா செனட்டுக்கு வந்தது. 54 ஓட்டு, வேண்டியது 60. உங்கள் கல்லாவுக்குக் கீழே இருப்பதை யாரும் பிடுங்க வரவில்லை. வாங்குகிறவன் யார் என்று கேட்டுவிட்டு விற்றால் உங்களுக்கு என்ன குறைகிறது, அதை மட்டும் சொல்லுங்கள்.

கேஸ்ஸ்டேஷன்_குமார்:
(இரண்டு நாள் கழித்து வருகிறேன், கடையில் ஆள் வரவில்லை.) ஏஆர் தடைக்கு நான் இன்னும் எதிர்ப்புதான், பட்டியல் போட்டு வீட்டுக்கு வீடு வருவதற்கும் எதிர்ப்புதான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் முன்னால் என் பழைய 9 எம்எம் கைத்துப்பாக்கியை ஆன்லைனில் விளம்பரம் போட்டு விற்றேன், ஒரு மளிகைக் கடை பார்க்கிங்கில். டெக்சாஸ் டிரைவிங் லைசன்ஸைக் காட்டச் சொன்னேன், காட்டினான், பணத்தை எண்ணிக் கொடுத்தான், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சட்டப்படி சரி. வெள்ளை பிக்கப், பின்னால் ஒரு நாய். பெயர் ஞாபகம் இல்லை.

இல்லினாய்ஸ்_அருள்:
எழுதியாவது வைத்திருந்தீர்களா?

கேஸ்ஸ்டேஷன்_குமார்:
இல்லை சகோ. நாய் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.