புதுப்பிப்பு: பெயரில்லாத கிட்டாரின் ஊர் சிகாகோ

தலைப்பகுதியில் பெயரோ உள்ளே லேபிளோ இல்லாத பழைய கிட்டாரை யார் செய்தது என்று கேட்டிருந்தேன் அல்லவா, விடை கிடைத்துவிட்டது: சிகாகோவின் ஹார்மனி நிறுவனம்.

கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஒலித்துளைக்குள் சிறிய கண்ணாடியை நுழைத்து டார்ச் அடித்தேன். பின்பலகையின் உட்புறத்தில் மங்கிய மை முத்திரை. 'எச்' எழுத்தை அடுத்து 165. அதுதான் மாடல் எண். சற்றுத் தள்ளி 'எஃப்-58', அதாவது 1958. முன்பலகை உட்பட உடல் முழுக்க மஹோகனி மரம், உள்ளே ஏணிப்படிகளாகக் குறுக்கே ஓடும் பட்டைகள். எல்லாம் அந்த மாடலுக்கே உரியவை.

விலையுயர்ந்த கிட்டார்களுக்குப் பேர்போன கிப்சன் நிறுவனத்தினுடையதுதான் என்று அடித்துச் சொன்ன நண்பர்கள் மன்னிக்கவும், விலை அந்த உயரத்துக்குப் போகாது. எனக்கு அதில் வருத்தமில்லை; நாதம் அவ்வளவு கதகதப்பு. முன்பலகையில் கம்பிகளைப் பூட்டும் கட்டையான பிரிட்ஜ் ஓர் ஓரம் தூக்கியிருக்கிறது. அதை ஒட்டி முடிக்கும்வரை கம்பி பூட்டுவதாக இல்லை.