ராம்ப்பிலிருந்து ஃபிளைட் டிஸ்பேட்ச் போக முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சென்னை விமான நிலையத்தில் மூன்று வருஷமாக ராம்ப் வேலை, அதாவது விமானம் நிற்கும் தளத்தில் வேலை. சக்கரம் உருளாமல் சாக் (தடுப்புக் கட்டை) வைப்பது, கோன் வைப்பது, பெட்டி ஏற்றி இறக்குவது, விமானத்தைப் பின்னால் தள்ளும் புஷ்பேக்கின்போது ஹெட்செட் மாட்டி கேப்டனிடம் பேசுவது எல்லாம் பழக்கம். மே மாத மதியத்தில் தரைச்சூடு ஷூவைத் தாண்டி உள்ளங்காலில் ஏறும். ஆனாலும் பிடித்துத்தான் செய்கிறேன்.

இப்போது ஃபிளைட் டிஸ்பேட்சர் ஆக ஆசை. வானிலையும் நோட்டாமும் (NOTAM, விமானப் பயணத்துக்கான எச்சரிக்கை அறிவிப்பு) பார்த்து வழித்தடம், எரிபொருள், மாற்று விமான நிலையம் எல்லாம் முடிவு செய்து ஃபிளைட் பிளான் போடுகிறவர். சென்னையில் மழை கொட்டி இறங்க முடியாவிட்டால் பெங்களூர் போய்ச் சேர எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கிளம்பும் முன்பே கணக்குப் போடுவது அந்த மேஜையில்தான். அமெரிக்காவில் கேப்டனோடு சேர்த்து அவருக்கும் சட்டப்படி பொறுப்பு உண்டு.

பெயர்தான் குழப்புகிறது. பிரிட்டனில் விமானத்தடியில் நின்று டர்ன்அரவுண்டை, அதாவது விமானம் வந்து நின்று மறுபடி கிளம்பும்வரை நடக்கும் வேலைகளை, கவனிப்பவரையும் டிஸ்பேட்சர் என்கிறார்கள். ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். எந்த டிஸ்பேட்சர் என்று கடைசிவரை தெளிவாகச் சொல்லவில்லை, முன்பணம் மட்டும் கேட்டார்கள். அம்மா நகையை அடகு வைத்துக் கட்டவேண்டிய பணம், அதனால் பயமாக இருக்கிறது.

ராம்ப்பிலிருந்து அந்தப் பக்கம் போன அண்ணன், அக்கா யாராவது இருக்கிறீர்களா? டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) அனுமதிக்கு நானாகப் படித்துப் போகலாமா, விமான நிறுவனத்தில் சேர்ந்த பிறகுதானா? முதலில் லோட் கன்ட்ரோல் (விமானத்தின் எடை, சமநிலைக் கணக்கு) கற்றுக்கொள்வது நல்லதா? நான் பி.காம், அது தடையாகுமா?