ஆரையம்பதி பெரிய வீடு (குடும்ப அரட்டைக் குழு): எந்தக் கோல்ப் பந்தைக் கொண்டுவருவது?

ரமணன் (நுவரெலியா): தயாளன் மாமா, நீங்கள் ஊருக்கு வரும்போது எனக்கு ஒரு பெட்டி டைட்லிஸ்ட் புரோ வீ 1 பந்து வாங்கி வர முடியுமா? இங்கே கோல்ப் பழகத் தொடங்கியிருக்கிறேன். தொலைக்காட்சியில் பார்க்கும் பெரிய ஆட்டக்காரர்களில் பலரும் அதைத்தான் அடிக்கிறார்கள்.

அம்மா: பன்னிரண்டு பந்துக்கு ஐம்பது அமெரிக்க டொலருக்கு மேல் என்று தம்பி முன்பு சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பற்றைக்குள் போனால் தேடி எடுப்பது யார்?

தயாளன் மாமா (மெல்பேர்ன்): காசை விடுங்கள், அக்கா. மருமகனே, முதலில் ஒன்றைச் சொல். தூரத்துக்கு அடிக்கும் டிரைவர் மட்டையால் அடிக்கும்போது பந்து நேரே போகிறதா, வலப்பக்கம் வளைகிறதா?

ரமணன்: பெரும்பாலும் வலப்பக்கமாக வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது, மாமா.

தயாளன் மாமா: அப்படியானால் நீ கேட்கும் பந்து உனக்கு உதவுவதை விட உபத்திரவம் செய்யவே வாய்ப்பு அதிகம். அதன் மேலுறை யுரேத்தேன் என்னும் மென்மையான பொருளால் ஆனது. கிட்டத்திலிருந்து உயர்த்தி அடிக்கும் வெட்ஜ் மட்டையின் முகத்திலுள்ள கோடுகள் அந்த உறையைக் கவ்விப் பிடிப்பதால், பந்து நிமிடத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் சுற்று என்ற அளவில் பின்னோக்கிச் சுழன்று, கொடி நாட்டிய குறும்புல் தரையான கிரீனில் விழுந்ததும் ஓடாமல் நின்றுவிடும். விலையின் பெரும்பகுதி அதற்குத்தான். மட்டையின் முகம் கோணலாகப் படும் ஒருவருக்கோ, சுழற்சி கூடக் கூட வளைவும் கூடும்.

அனுஷா: பெரியப்பா, எனக்கு ஒரு சந்தேகம். உயர்தரப் பௌதிகவியலில் உராய்வைக் குறைக்க மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்றுதானே படிக்கிறோம்? கோல்ப் பந்தில் மட்டும் ஏன் குழி குழியாக வைத்திருக்கிறார்கள்?

பெரியப்பா: நல்ல கேள்வி, மகள். பறக்கும் பந்துக்குப் பெரிய எதிரி மேற்பரப்பு உராய்வு அன்று. பந்தின் பின்னால் உண்டாகும் தாழ்அமுக்கச் சுழல்தான். வழுவழுப்பான பந்தைத் தழுவி வரும் காற்றுப் படலம் வெகு விரைவில் பிரிந்துவிடுவதால், பின்னால் அகலமான சுழல் உண்டாகிப் பந்தைப் பின்னுக்கு இழுக்கும். குழிகள் அந்தப் படலத்தைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய படலம் பந்தின் முதுகுப்புறம் வரை ஒட்டிச் சென்ற பிறகே பிரிவதால் சுழல் ஒடுங்கி, இழுவிசை ஏறத்தாழ அரைவாசியாகிறது. பின்சுழற்சியும் சேரும்போது பந்து காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டுத் தான் மேலெழுகிறது.

பெரியப்பா: இதை எவரும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1848 அளவில் கட்டாபேர்ச்சா என்னும் மலாய் நாட்டு மரப்பாலில் வழுவழுப்பான பந்து செய்தார்கள். அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்து புதியதை விட நன்றாகப் பறப்பதைக் கண்ட ஸ்கொட்லாந்துக்காரர்கள், புதுப் பந்தையே சுத்தியலால் கொத்தி விற்றார்கள். உட்குழிந்த குழிகளுக்கு வில்லியம் டெய்லர் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றது 1905 இல்தான்.

பெரியப்பா: (படம்) தயாளன் முந்தி விட்டுப்போன பந்து ஒன்றை இன்று காலை கராச்சில் இரும்பு வாளால் இரண்டாக அறுத்தேன். வெளியே வெள்ளை உறை நகத்தின் தடிப்புக் கூட இல்லை. அதனுள் பிளாஸ்ரிக் போன்ற மெல்லிய வளையம் ஒன்று. மிகுதி முழுவதும் இறுகிய றப்பர். குழியின் ஆழம் கால் மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும்.

தயாளன் மாமா: அத்தான், அது புரோ வீ 1 அல்லவா! சரி, அறுத்ததும் ஒரு பயனுக்குத்தான். அதில் 388 குழிகள் இருந்தன.

ரமணன்: அப்படியென்றால் எனக்கு ஏற்றது எது, மாமா?

தயாளன் மாமா: றப்பர் நடுவும் அயனோமர் என்னும் கெட்டியான உறையும் மட்டும் உள்ள இரண்டு அடுக்குப் பந்து. சுழற்சி குறைவு என்பதால் வளைவு கொஞ்சம் அடங்கும், உறையும் எளிதில் வெட்டுப்படாது. ஆனால் கிரீனில் விழுந்த பின் சற்று ஓடும் என்பதால், முன்கூட்டியே விழ வைக்கப் பழக வேண்டும். கடையில் 'மெதுவாக அடிப்பவருக்கு மெதுமையான பந்து' என்று சொல்வார்கள். அதை அப்படியே நம்பாதே. மெதுமையான பந்து யார் அடித்தாலும் வேகத்தில் சிறிது குறையும். மணிக்கு 180 கிலோமீற்றருக்கு மேல் மட்டையைச் சுழற்றும் தொழில்முறை ஆட்டக்காரருக்கு அந்தக் குறை பெரிது, உனக்குச் சிறிது, அவ்வளவுதான். கைக்கு இதமாக இருந்தால் எடுத்துக்கொள்.

அனுஷா: கல்லடிக் கடற்கரையில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக்கு எதிராக அடித்தால் எந்தப் பந்து நல்லது?

பெரியப்பா: அங்கேயும் சுழற்சி குறைந்ததுதான். எதிர்காற்றில் பந்தைக் கடக்கும் காற்றின் வேகம் கூடுவதால் ஏற்றவிசையும் இழுவிசையும் சேர்ந்தே கூடும்; அதிகம் சுழலும் பந்து விர்ரென்று மேலே கிளம்பித் தூரம் போகாமல் விழும். நுவரெலியாவின் கதை வேறு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் பந்து கூடுதலாகப் போகும், வளைவும் சற்றுக் குறையும். விடியற்குளிரில் றப்பர் துள்ளல் குறைவதால் அந்த இலாபத்தில் ஒரு பங்கு போய்விடும்.

ரமணன்: தானாகவே நேராகப் போகும் பந்து ஒன்று இருக்கிறதாமே, உண்மையா?

தயாளன் மாமா: உண்மைதான். 1970களில் வந்த பொலாரா என்னும் பந்தில் குழிகளை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமைக்காமல் விட்டு, பக்கவளைவைக் குறைத்தார்கள். அதன் பிறகு, பந்து எப்பக்கம் வைத்து அடித்தாலும் ஒரே மாதிரிப் பறக்க வேண்டும் என்று அமெரிக்கக் கோல்ப் சங்கம் விதி எழுதிவிட்டது. எடை 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது என்ற விதிகளும் உண்டு. போட்டியில் ஆட நினைத்தால் பொலாராவை மறந்துவிடு.

ரமணன்: சரி மாமா, இரண்டு அடுக்குப் பந்தே போதும். காலையில் இங்கே மூட்டமாக இருப்பதால், மஞ்சள் நிறத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. நிறத்தால் பறப்பதில் வேறுபாடு வருமா?

தயாளன் மாமா: வராது. மஞ்சளிலேயே இரண்டு பெட்டி எடுக்கிறேன். ஒன்றை அத்தான் அறுப்பதற்கு வைத்துக்கொள்ளட்டும்.