மெல்போர்ன் வந்து முதல் சைக்கிள் ஷூ வாங்குபவர்களுக்கு

சனிக்கிழமை விடியலில் பீச் ரோடு பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். செயின்ட் கில்டாவிலிருந்து மோர்டியாலக் வரை சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் பறப்பார்கள், அப்புறம் காபிக் கடை வாசலில் லாடம் அடித்த குதிரை மாதிரி டக்கு டக்கென்று நடப்பார்கள். ஷூவின் அடியில் திருகியிருக்கும் கிளீட், அதாவது பெடலில் மாட்டிக்கொள்ளும் துண்டு, அதன் சத்தம் அது. புதுசாக சைக்கிள் வாங்கிய யாருக்கும் அதைப் பார்த்ததும் கை அரிக்கும். எனக்கும் அரித்தது. இருநூற்றுச் சொச்சம் டாலர் கொடுத்து வாங்கிய ஜோடி மூன்றே மாதத்தில் மூலைக்குப் போய்விட்டது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் ஹெல்மெட் வாங்குங்கள். விக்டோரியாவில் 1990 முதல் அது சட்டம், போடாமல் ஓட்டினால் அபராதம்.

சரி, ஷூ. கடையில் 'கிளிப்லெஸ்' (கிளிப் இல்லாதது) என்பார்கள், ஆனால் அதுதான் பெடலில் மாட்டிக்கொள்ளும் வகை. அந்தக் காலத்தில் கால்விரலுக்கு மேல் கூண்டு மாதிரி ஒரு கிளிப் இருந்தது, அது போனதால் வந்த பேர். இதில் இரண்டு ஜாதி. மூன்று திருகு போட்டு மாட்டும் பெரிய பிளாஸ்டிக் கிளீட் ஒன்று, ரேஸ் ஓட்டுபவர்கள் போடுவது. இரண்டு திருகில் நிற்கும் சின்ன இரும்புக் கிளீட் இன்னொன்று, பெரும்பாலும் ஷூவின் அடிப்பள்ளத்துக்குள் பதிந்திருக்கும். வார நாளில் ஆபீஸ், வார இறுதியில் பீச் ரோடு, இரண்டுக்கும் ஒரே ஜோடிதான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு திருகு வாங்குங்கள். மூன்று திருகோடு மழையில் நனைந்த ரயில் நிலையத் தரையில் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு நடந்து பார்த்தால்தான் அந்த அவஸ்தை தெரியும். மிதிக்கிற பலம் வீணாகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், நாம் ஒன்றும் டூர் டி பிரான்ஸ் ரேஸ் ஓட்டப் போவதில்லை.

இன்னொன்று, இங்கே விலை கூடின ரோடு சைக்கிளைப் பல சமயம் பெடலே இல்லாமல் கொடுப்பார்கள். முதலில் நானும் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அதனால் பெடலை முடிவு செய்துவிட்டு ஷூவுக்குப் போங்கள். மூன்று திருகிலேயே லுக் கம்பெனி கிளீட் ஷிமானோ பெடலில் மாட்டாது.

என் ஜோடி மூலைக்குப் போன காரணம் அகலம். ஊரில் செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த கால், முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். கடைக்காரப் பையன் 'போகப் போக இளகிவிடும்' என்றான், நம்பிவிட்டேன். ஓட்ட ஷூவைப் போல் அல்ல, இதன் அடிப்பாகம் வளையாது, இளகவும் இளகாது. இருபது கிலோமீட்டர் தாண்டியதும் சுண்டுவிரல் மரத்துப்போகும். நான் பாதி வழியில் ஷூவைக் கழற்றிவிட்டு, கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் செய்வது இதுதான். ஷூவுக்குள் இருக்கும் மெத்தையை உருவித் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நிற்பேன். சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டி வெளியே தொங்கினால் அந்த ஷூ வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி இருந்தாலும் வேண்டாம். மாலையில் போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீங்கள் போடும் சாக்ஸையே எடுத்துப் போங்கள். நம்மூர் எட்டாம் நம்பர் கணக்கெல்லாம் இங்கே குழப்பும், பாதத்தைச் சென்டிமீட்டரில் அளந்துகொண்டு அந்தக் கம்பெனி அட்டவணையைப் பாருங்கள். குதிகால் தூக்கக் கூடாது, விரல் நுனி இடிக்கக் கூடாது. ஷிமானோவில் பல மாடல்களுக்கு அகலப் பதிப்பு உண்டு, லேக் கம்பெனியிலும் உண்டு. பாண்ட் ஆஸ்திரேலியக் கம்பெனி, அவர்கள் ஷூவை ஓவனில் மிதமாகச் சூடாக்கி உங்கள் காலுக்கேற்ப வடிவம் கொடுக்கலாம் (தோசைக்கல்லில் வைத்துவிடாதீர்கள்). கார்பன் அடி, திருகி இறுக்கும் டயல் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கிளீட்டைப் பெருவிரல் மூட்டுக்கு நேர் கீழே, இல்லாவிட்டால் கொஞ்சம் பின்னால் பொருத்துங்கள். மூன்று திருகுதான் வேண்டுமென்று அடம்பிடித்தால் ஷிமானோவில் மஞ்சள் நிறம் எடுங்கள், குதிகால் 6 டிகிரி அசைய இடம் கொடுக்கும். சிவப்பு அசையவே விடாது, அழகாக இருக்கிறதென்று அதை வாங்கி முழங்கால் வலி வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, எல்லோரும் ஒரு தடவையாவது விழுவோம். நான் விழுந்தது சிவப்பு சிக்னலில், பக்கத்தில் டிராம் நிறைய ஆட்கள், நின்ற இடத்திலேயே வெட்டிய வாழைமரம் மாதிரி சாய்ந்தேன். பெடலில் பிடிமானத்தைக் குறைக்கும் திருகு இருக்கும், அதை நன்றாகத் தளர்த்திவிட்டுப் பார்க் புல்தரையில் பத்து நாள் பழகுங்கள், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும், நிற்பதற்கு முன்பே கழற்ற வேண்டும், நின்ற பிறகு அல்ல. மீறிச் சாய்ந்தால் ஹேண்டில்பாரை விட்டுவிடாதீர்கள். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும்.