பெரம்பலூரும் அரியலூரும் மறுபடி ஒரே மாவட்டம் ஆகணுமா?

வெங்காயக்காடு:
2011 கணக்கெடுப்புல பெரம்பலூர் மாவட்டத்து ஜனத்தொகை 5,65,223. அப்போ தமிழ்நாட்டுலயே அதுதான் கடைசி. அரியலூர் 7,54,894. ரெண்டும் சேர்ந்தாலே 13 லட்சம்தான். எங்க மாவட்டத்துல இருக்கறது நாலே ஒன்றியம்: பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர். நகராட்சி ஒண்ணே ஒண்ணு. இதுக்குத் தனி கலெக்டர், தனி எஸ்.பி., துறைக்கு ஒரு மாவட்ட அலுவலகம். 2002ல நிதி நெருக்கடின்னு சொல்லி அரியலூரைத் திரும்ப இதோட சேர்த்தாங்களே, அதுல நியாயம் இருந்துச்சு. 2007ல மறுபடி பிரிச்சது அரசியல்.

கொள்ளிடக்கரை:
நியாயமா? மேப்பை ஒரு தடவை விரிச்சுப் பாருங்கண்ணே. எங்க அரியலூர் மாவட்டத்துக் கிழக்குக் கோடியில இருக்கற மீன்சுருட்டிக்காரன் பட்டா மேல்முறையீட்டுக்குப் பெரம்பலூர் போகணும்னா ஜெயங்கொண்டம், அரியலூர் தாண்டி எழுபது கிலோமீட்டருக்கு மேல. பஸ் மாறி மாறிப் போய், பத்தரைக்கு அங்க நின்னா "ஐயா மீட்டிங்ல இருக்கார்". அன்னிக்குக் கூலி போச்சு. நீங்க நான்குவழிச்சாலை ஓரத்துல உட்கார்ந்துக்கிட்டு செலவுக் கணக்குப் பேசறீங்க. எங்களுக்குச் சந்தை, கல்யாண ஜவுளி எல்லாமே அணைக்கரை தாண்டி கும்பகோணம். பெரம்பலூர் எங்களுக்குப் பேருக்குத்தான் தலைநகரமா இருந்துச்சு. 1995 வரைக்கும் ரெண்டு பேருக்குமே திருச்சிதான்.

வெங்காயக்காடு:
பட்டாவுக்கு தாலுகா ஆபீஸ், கோட்டாட்சியர் இருக்காங்க தம்பி. கலெக்டர் வரைக்கும் எத்தனை பேர் போறான்? தனி மாவட்டமா இருந்து நாங்க என்ன கண்டோம்? 2022ல அரியலூர்ல அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. எங்களுக்கு இன்னும் இல்ல. ரயிலும் கிடையாது. ஒரே மாவட்டமா இருந்தா அந்தக் கல்லூரி எங்களுக்கும் சேர்ந்ததுதானே.

கொள்ளிடக்கரை:
இப்பவும் உங்களை வாசல்ல நிறுத்தி எந்த மாவட்டம்னு கேட்டா சேர்க்கறாங்க? அரசு ஆஸ்பத்திரி எல்லாருக்கும்தான். விஷயம் வேற. சுண்ணாம்புக்கல் எங்க மண்ணுல. சிமென்ட் ஆலைத் தூசி எங்க நெஞ்சுல. 2015ல வந்த சட்டப்படி சுரங்கக் குத்தகைக்காரன் அரசுக்குக் கட்டற ராயல்டிக்கு மேல, பழைய குத்தகைன்னா அதுல 30 சதவீதம், ஏலத்துல போனதுன்னா 10 சதவீதம், சுரங்கத்தால பாதிச்ச ஊர்களுக்கான மாவட்ட கனிம அறக்கட்டளைக்கு வரணும். பேரைக் கவனிங்க, *மாவட்ட* அறக்கட்டளை. ஒண்ணாக்கினா எங்க குழிக்கு வர்ற பணத்தைப் பிரிச்சுக்க நாலு ஒன்றியம் கூடுதலா வரிசையில நிக்கும். உங்க நோக்கம் அதுதானான்னு கேக்க மாட்டேன், ஆனா நடக்கறது அதுதான்.

முந்திரித்தோப்பு:
நடுவுல வர்றேன், செந்துறைக்காரன். நாங்க ரெண்டு பேருக்கும் பொது. கலெக்டர் அரியலூர்ல. ஆனா நாங்க ஓட்டுப் போடற சட்டமன்றத் தொகுதி குன்னம், அதாவது பெரம்பலூர் மாவட்டப் பேரு. எம்.பி. தொகுதி சிதம்பரம், அது கடலூர் மாவட்டத்து ஊரு! பெரம்பலூர் எம்.பி. தொகுதியில குன்னம் இல்ல, குளித்தலை இருக்கு. ரோடு குழியாப் போச்சுன்னா யாருக்கு மனு எழுதறதுன்னு எங்க ஊர் டீக்கடையில பட்டிமன்றமே நடக்கும்.

அதைவிட முக்கியம், நீங்க ரெண்டு பேரும் கலெக்டரையே சுத்தறீங்க. 2019 டிசம்பர்ல ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களோட காலம் 2025 ஜனவரி 5ல முடிஞ்சது. அதுக்கப்புறம் அரசு போட்ட தனி அலுவலர் கையெழுத்து. அரியலூர்ல 201 ஊராட்சி, பெரம்பலூர்ல 121. தெருவிளக்கு, குடிதண்ணி மோட்டார், வரி எல்லாம் அங்கதான். உள்ளாட்சிகளுக்கு அரசு தர்ற மாநில நிதிக்குழு மானியத்துல மாவட்ட ஊராட்சிக்கு வர்றது பத்து சதவீதத்துக்கும் கம்மி. மாவட்டம் ஒண்ணா ரெண்டாங்கறதால மோட்டார் ஓடிடுமா?

வெங்காயக்காடு:
அதைத்தான் நானும் சொல்றேன். மேல செலவைக் குறைச்சு ஊராட்சிக்குக் கொடுங்க.

கொள்ளிடக்கரை:
2002லயும் மிச்சப்படுத்தத்தானே சேர்த்தாங்க. அஞ்சு வருஷத்துல எந்த ஊராட்சிக்கு அந்த மிச்சம் வந்துச்சு? ஒரு பேரு சொல்லுங்க.

முந்திரித்தோப்பு:
கனிம நிதியைப் பத்திக் கொள்ளிடக்கரைக்கு ஒரு கேள்வி. மாவட்டம் தனியா இருக்கறதால பணம் உங்க ஊருக்கு வந்துடுதுன்னு நம்பறீங்களா? அந்தக் கனிம அறக்கட்டளைக்கும் கலெக்டர்தான் தலைவர். சுரங்கப் பள்ளத்துக்குப் பக்கத்து ஊராட்சி கேட்டது கிடைச்சதா, நகரத்துல கட்டடமா நிக்குதான்னு யார் பாக்கறா? ஜெயங்கொண்டம் நிலக்கரித் திட்டத்துக்குத் தொண்ணூறுகள்ல நிலம் எடுத்தாங்க. திட்டமே வரல. திருப்பித் தர்றோம்னு அரசு சொல்லவே 2022 ஆச்சு. நடுவுல மாவட்டம் பிரிஞ்சுது, சேர்ந்துது, பிரிஞ்சுது. அந்த விவசாயிக்கு எந்தக் கலெக்டரால என்ன ஆச்சு?

கொள்ளிடக்கரை:
மனு கொடுக்கப் பக்கத்துல ஒரு இடமாச்சும் இருந்துச்சு. அது சின்ன விஷயம் இல்லண்ணே.

வெங்காயக்காடு:
அப்போ சேர்த்துட்டுத் தலைநகரத்தை அரியலூர்லயே வைங்க. ரயிலும் அங்கதான் இருக்கு. நான் ரெடி.

கொள்ளிடக்கரை:
இதை வேப்பந்தட்டை பஸ் ஸ்டாண்டுல நின்னு சத்தமா சொல்லுங்க பாப்போம். 😄