டி-டைமர் 1-ஐத் தாண்டினால் 18 மடங்கு ஆபத்தா?

ஆய்வகப்பறவை:
"கொரோனா நோயாளிக்கு டி-டைமர் 1-ஐத் தாண்டிவிட்டால் இறக்கும் வாய்ப்பு 18 மடங்கு" என்று நேற்று ஒருவர் எழுதியதை ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். டி-டைமர் என்பது ரத்தக்கட்டி கரையும்போது ரத்தத்தில் தென்படும் புரதத் துண்டு. பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த 18 வந்தது 2020 மார்ச்சில் லான்செட் மருத்துவ இதழில் வெளியான வூஹான் ஆய்விலிருந்து. மொத்தமே 191 பேர், இறந்தவர்கள் 54. அங்கே 18.42 மடங்கு என்பதற்குப் பக்கத்திலேயே நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, 2.64 முதல் 128.55 வரை என்று இருக்கிறது. அதை மட்டும் ஏன் வெட்டிவிட்டீர்கள்?

கயல்:
வந்துவிட்டார் வாத்தியார்! பகிர்ந்தவள் நான்தான். 2.64 என்றே வைத்துக்கொண்டாலும் ஆபத்து கூடத்தானே செய்கிறது? இறந்தவர்களில் 81 சதவீதம் பேருக்கு 1-க்கு மேல். இன்னும் என்ன வேண்டும்?

ஆய்வகப்பறவை:
பிழைத்தவர்களிலும் 24 சதவீதம் பேருக்கு 1-க்கு மேல்தான், அதைச் சொல்ல வாய் வராது. அந்த 1 என்ன அலகில் என்றாவது பார்த்தீர்களா? மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம். நான் தினமும் ரிப்போர்ட் சரிபார்க்கிறவன், ஒரு கருவி எஃப்இயூ என்ற அலகில் கொடுக்கும், இன்னொன்று டிடியூ என்ற அலகில் கொடுக்கும், ஒரே ரத்தம்தான், ஆனால் முதலாவதில் 1000 நானோகிராம், அதாவது 1 மைக்ரோகிராம், என்றால் அடுத்ததில் ஏறக்குறைய 500 வரும். வயதானாலும் ஏறும், கர்ப்பத்திலும் ஏறும், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஏறும். வெறும் 1-ஐப் பார்த்து ஒரு குடும்பம் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடக்கும், அந்தப் பாவம் யாருக்கு?

முத்துவேலன்:
டி-டைமரே எதற்கு? நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இரண்டு வெள்ளணு வகைகளின் விகிதம் போதும். சாதாரண ரத்த அணுப் பரிசோதனையிலேயே கிடைத்துவிடும்.

ஆய்வகப்பறவை:
ஸ்டீராய்டு போட்டபின் எடுத்தால் நியூட்ரோபில் தானாக ஏறும், அப்போது உங்கள் விகிதம் என்ன சொல்லும்? முன்பு நடந்த பெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து திசைமாற்றினீர்கள்.

முத்துவேலன்:
பெரிட்டினை இங்கே இழுக்காதீர்கள். அன்றைக்குப் பாதியைப் படித்துவிட்டுப் பாய்ந்தது நீங்கள். ஸ்டீராய்டுக்கு முன்னால், மருத்துவமனையில் சேர்க்கும்போதே எடுப்பதைத்தான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஆய்வகப்பறவை:
இன்று சொல்லவில்லை. மேலே போய் நீங்களே படியுங்கள்.

கயல்:
உங்கள் சண்டை இருக்கட்டும். ரெகவரி என்ற கொரோனா மருந்துச் சோதனையில் டோசிலிசுமாப் என்ற அழற்சி தணிக்கும் மருந்தைக் கொடுக்க, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 75 என்று ஒரு எண்ணை வைக்கவில்லையா? அது ஆகும், என் 1 ஆகாதா?

ஆய்வகப்பறவை:
ஆக்சிஜன் குறைந்திருக்க வேண்டும் என்பதும் அங்கே நிபந்தனை. பாதியை மட்டும் சொல்லும் பழக்கம் போகவே போகாதா? மருத்துவமனையில் சேரும் கொரோனா நோயாளி இறக்கும் ஆபத்தைக் கணிக்க 2020-லேயே வந்த 4சி மதிப்பெண்ணை எடுங்கள். பல்லாயிரம் நோயாளிகளை வைத்து உருவாக்கியது. எட்டு அம்சங்கள். வயது, பாலினம், கூட்டுநோய்கள், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, நினைவு நிலை, யூரியா, சிஆர்பி. டி-டைமர் எங்கே?

கயல்:
யூரியா, சிஆர்பி என்று இரண்டு ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றனவே! பிறகெதற்கு இந்தக் குதிகுதிப்பு?

ஆய்வகப்பறவை:
ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அந்த 1-ஐயும் 18-ஐயும் தனியாகத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள் என்றேன். பதிவை நீக்குங்கள்.

கயல்:
நீக்க மாட்டேன். 81 சதவீதத்துக்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

ஆய்வகப்பறவை:
சொல்லியாயிற்று. 24.